மன்சி 4-ஸ்பீடு: வேகத்தில் மூன்றாவது கியர் கரகரக்கிறதா?

நண்பரே, மன்சி 4-ஸ்பீடு கியர்பாக்ஸ் உள்ள உங்கள் 1970 செவ்ரோலெட் செவெல் 454 காரில் மெதுவாகப் போகும்போது கியர் சுத்தமாக விழுகிறது, 5000 ஆர்பிஎம்மில் மட்டும் மூன்றாவது கரகரக்கிறது என்கிறீர்கள். கியர்பாக்ஸை இறக்க அவசரப்படாதீர்கள்.

எஞ்சின் சூடானதும் ஐடிலில் கிளட்சை மிதித்து, 10 விநாடி பொறுத்து ரிவர்ஸ் போடுங்கள். மன்சியில் ரிவர்ஸுக்கு சின்க்ரோ (கியர் விழுமுன் வேகத்தைச் சமப்படுத்தும் பாகம்) கிடையாது. அப்போதும் உரசினால் கிளட்ச் முழுசாக விடவில்லை. பெடல் ஃப்ரீ பிளே (கிளட்ச் வேலை செய்யத் தொடங்குமுன் பெடல் லேசாக இறங்கும் தூரம்) சுமார் 1 அங்குலம் இருக்கட்டும். இசட்-பார் (பெடல் அசைவை கிளட்சுக்குக் கடத்தும் தண்டு) புஷ், முக்கியமாக இடதுபக்க எஞ்சின் மவுன்ட் (எஞ்சினைத் தாங்கும் ரப்பர் பிடி) பாருங்கள். ரப்பர் பிய்ந்திருந்தால் முழு ஆக்சிலரேட்டரில் எஞ்சின் அந்தப் பக்கம் எம்பும், இசட்-பாரும் சிக்கும். கார் நிற்கும்போது பார்த்தால் இது தெரியவே தெரியாது.

ரிவர்ஸ் சத்தமில்லாமல் விழுந்தால், ஹர்ஸ்ட் ஷிஃப்டரை (கியர் லீவர்) நியூட்ரலில் வைத்து கால் அங்குலப் பின் செருகி, கியர்பாக்ஸுக்குப் போகும் ராடுகளைச் சரிசெய்யுங்கள். கியர் ஆயில் ஜிஎல்-4 80டபிள்யூ-90 போதும். இத்தனைக்கும் அடங்காவிட்டால் 3-4 சின்க்ரோவின் பித்தளை ரிங் தேய்ந்திருக்கும், அப்போது இறக்குங்கள்.