பளிங்குத் தரையில் சைக்கிள் ட்ரெய்னர்: கீழே என்ன விரிப்பது?

பளிங்குத் தரையில் ட்ரெய்னர் (சைக்கிளை வீட்டுக்குள் நின்ற இடத்திலேயே ஓட்ட உதவும் தாங்கி) வைத்து ஓட்டுகிறேன், கீழே என்ன விரிக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். எடையைப் பற்றி ரொம்பக் கவலைப்பட வேண்டாம். தரையைக் கெடுப்பது வியர்வைதான். வீட்டுக்குள் எதிர்க்காற்று இல்லாததால் அது உலராமல் சொட்டிக்கொண்டே இருக்கும். பளிங்கு சுண்ணாம்புக்கல்லிலிருந்து உருவானது, நுண்துளைகள் உள்ளது. லேசான அமிலத்தன்மையும் உப்பும் உள்ள வியர்வை தொடர்ந்து விழுந்தால் அந்த இடம் மட்டும் மெருகு போய் மங்கிவிடும்.

6 மி.மீ. கனமுள்ள, துளையில்லாத பிவிசி மேட் போதும். நீளத்தைப் பார்த்து வாங்குங்கள்: பின்சக்கரத்தோடு நின்றுவிடாமல் முன்சக்கரம் தாண்டியும் வர வேண்டும். வியர்வை அதிகம் சொட்டுவது ஹேண்டில்பாருக்கு நேர் கீழேதான். கோத்துப் போடும் ஃபோம் துண்டுகளை வாங்கச் சொல்ல மாட்டேன். இணைப்பு வழியே ஈரம் இறங்கி அடியிலேயே தங்கும். யோகா மேட், ட்ரெய்னரின் கால் பட்ட இடத்தில் அமுங்கிக் கிழியும். வினைல் தரை உள்ளவர்கள் ரப்பர் மேட்டைத் தவிர்க்கவும், மஞ்சள் கறை பிடித்தால் போகாது.

ஓட்டி முடித்ததும் மேட்டைத் துடைத்துவிடுங்கள். அப்புறம் வாரம் ஒருமுறையாவது தூக்கி அடியை உலரவிடுங்கள். டயர் உருளையில் உரசும் வகை ட்ரெய்னர் என்றால் டயர் தூளையும் கூட்டிவிட வேண்டும். ஈரத்தோடு சேர்ந்தால் கறுப்பாக அப்பிக்கொள்ளும்.