உயரம் போதவில்லை என்றார்கள்

அன்புள்ள சார்,

வணக்கம். கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டிக் கிராமத்திலிருந்து எழுதுகிறேன். கணவர் தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்க்கிறார். மகனுக்குப் போன நவம்பரில் 13 முடிந்தது. பள்ளி விட்டு வந்ததும் பையைத் திண்ணையில் போட்டுவிட்டு கிரவுண்டுக்கு ஓடிவிடுவான். போன மாதம் கோயம்புத்தூரில் ஒரு கால்பந்து அகாடமி செலக்‌ஷனுக்கு அழைத்துப் போனோம். இருபது நிமிடம் ஆடவிட்டு, "நல்லா ஆடுறான், ஆனா ஹைட் பத்தாது" என்று அனுப்பிவிட்டார்கள். திரும்பி வரும்போது குஞ்சப்பனை தாண்டும்வரை பஸ்ஸில் அவன் வாயே திறக்கவில்லை.

அங்கேயே ஒருவர், ஆறு லட்சம் கட்டினால் ஸ்பெயினில் ஒரு கிளப்பின் அகாடமியில் சேர்த்துவிடுவதாகச் சொல்லி நம்பர் கொடுத்தார். நகையை வைத்தால் கட்டிவிடலாம். உண்மையான கிளப்புகள் பிள்ளைகளை எப்படித்தான் வளர்க்கின்றன? அனுப்பலாமா? அவன் ஆடும் வீடியோ ஒன்று இணைத்திருக்கிறேன். ஒரு மாதமாக முழங்காலுக்குக் கீழே வலி என்கிறான், அதுவும் கவலையாக இருக்கிறது.

ஒரு அம்மா, கோத்தகிரி

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் பணத்தைப் பேசிவிடுவோம். அந்த ஆளுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். 18 வயது ஆகாத ஒரு பிள்ளையை வேறு நாட்டுக் கிளப் பதிவு செய்துகொள்வதை உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் விதி தடுக்கிறது. சில விலக்குகள் உண்டு. பெற்றோர் கால்பந்துக்குச் சம்பந்தமில்லாத காரணத்துக்காக அந்த நாட்டில் குடியேறியிருந்தால் என்பது போல. உங்கள் மகனுக்கு அவை எதுவும் பொருந்தாது. சிறுவர்கள் விஷயத்தில் இந்த விதியை மீறியதற்காக ஸ்பெயினின் பார்சிலோனா கிளப்புக்கே 2014இல் ஃபிஃபா தண்டனை விதித்தது. 2015 முழுக்கப் புதிய வீரர் யாரையும் அவர்களால் பதிவு செய்ய முடியவில்லை. அவ்வளவு பெரிய கிளப்புக்கு இல்லாத வழி, கிரவுண்டு வாசலில் நம்பர் கொடுத்தவருக்கு எங்கிருந்து வரும்? கட்டணம் வாங்கிக்கொண்டு கிளப்பின் பெயரில் நடக்கும் பயிற்சிப் பள்ளியில் சில மாதம் சேர்த்துவிட்டு, அதைத்தான் அகாடமி என்று சொல்வார்கள். இரண்டும் வேறு வேறு.

அசல் அகாடமி பெற்றோரிடம் பணம் வாங்குவதில்லை. இங்கிலாந்தை எடுத்துக்கொள்வோம். அங்கே 2012இல் எல்லாக் கிளப்புகளுக்கும் பொதுவாக ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். ஒன்பது வயதுக்குட்பட்டோர் பிரிவிலிருந்து பிள்ளைகளைப் பதிவு செய்கிறார்கள். பெரிய கிளப்பில்கூட அந்தச் சின்ன வயதில் வாரத்துக்கு 4 முதல் 8 மணி நேரம்தான் பயிற்சி. பெரும்பாலான பிள்ளைகள் வீட்டிலிருந்து பள்ளிக்குப் போய்க்கொண்டே வருகிறார்கள். சின்ன வயதில் அணிக்கு ஏழு பேர், கொஞ்சம் வளர்ந்ததும் ஒன்பது பேர், அதற்கு அப்புறம்தான் பெரிய கிரவுண்டில் பதினொரு பேர். காரணம் எளிது. ஆள் குறைந்தால் ஒவ்வொருவர் காலுக்கும் பந்து அதிகம் வரும், ஒவ்வொருவரும் அதிகம் முடிவெடுக்க வேண்டியிருக்கும்.

இதைப் படித்த பிறகு உங்கள் வீடியோவைப் பாருங்கள். நான் ஐந்தாறு முறை பார்த்துவிட்டேன். ஒரு பக்கம் கோட்டுக்கு அப்பால் உடனே தேயிலைச் சரிவு. பந்து உள்ளே விழுந்தால், ஒரு பையன் செடிகளுக்கு நடுவே இறங்கித் தேடி எடுத்துவரும்வரை ஆட்டம் நிற்கிறது. அதனால் அந்தக் கிரவுண்டில் யாரும் தூக்கி அடிப்பதில்லை, தரையோடு தரையாகத்தான் பாஸ். நம் மலையில் சமமான நிலம் கிடைப்பது அரிது என்று நாம் குறைபட்டுக்கொள்கிறோம். ஆனால் ஐரோப்பாவில் கோடு போட்டுக் குறுக்கித் தரும் இடத்தில்தான் உங்கள் மகன் தினமும் ஆடிக்கொண்டிருக்கிறான்.

இன்னொன்றும் பார்த்தேன். இரண்டாவது நிமிடத்தில் அவனுக்கு ஒரு பாஸ் வருகிறது. பந்து பாதி வழியில் இருக்கும்போதே வலது தோளுக்கு மேலாக ஒரு முறை, உடனே இடப்பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்க்கிறான். பின்னால் வருகிற பெரிய பையனைக் கவனித்துவிட்டான். பந்து காலுக்கு வந்ததும் நிறுத்தாமல், அந்தப் பெரிய பையன் வராத பக்கமாகத் தட்டிக்கொண்டு போய்விடுகிறான். கெய்ர் யோர்டெட் என்ற நார்வே ஆய்வாளர், பந்து வருவதற்கு முன் வீரர்கள் எத்தனை முறை இப்படித் திரும்பிப் பார்க்கிறார்கள் என்று வீடியோவை வைத்து எண்ணியிருக்கிறார். அதிகம் பார்ப்பவர்களின் அடுத்த பாஸ் சரியாகப் போகிறது என்பது அவர் கண்டது. அகாடமிகளில் இதற்கென்றே பயிற்சி வைக்கிறார்கள். உங்கள் மகனுக்கு யாராவது சொல்லிக்கொடுத்தார்களா என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.

ஆம்ஸ்டர்டாமின் அயாக்ஸ் கிளப் பிள்ளைகளைப் பார்த்து எடுப்பதற்கு நெடுங்காலம் வைத்திருந்த அளவுகோல் நான்கு: பந்துத் திறன், ஆட்டத்தைப் புரிந்துகொள்ளும் அறிவு, குணம், வேகம். அந்த நான்கில் உயரம் இல்லை.

அப்புறம் ஏன் கோயம்புத்தூரில் அப்படிச் சொன்னார்கள்? அவன் நவம்பரில் பிறந்தவன். நம் நாட்டில் வயதுப் பிரிவுக்கு ஜனவரி 1 கணக்கு. அவனோடு நின்ற ஜனவரிப் பையன் பத்து மாதம் மூத்தவன். பதிமூன்று வயதில் பத்து மாதம் என்பது நாலு விரல் உயரமாகவே இருக்கலாம். இங்கிலாந்தில் செப்டம்பர் கணக்கு. அங்கே அகாடமிகளில் செப்டம்பர், அக்டோபர், நவம்பரில் பிறந்தவர்களே குவிந்திருப்பார்கள். ஜூன், ஜூலை, ஆகஸ்டில் பிறந்த பிள்ளைகளுக்கு ஆடத் தெரியாது என்றா அர்த்தம்? இது போதாதென்று வயதைக் குறைத்துச் சான்றிதழ் கொண்டுவருகிறவர்கள் வேறு. அதனால்தான் மணிக்கட்டு எலும்பைப் படமெடுத்து வயது பார்க்கும் முறையே வந்தது.

நல்ல அகாடமிகள் இதை உணர்ந்துவிட்டன. அம்மா அப்பா உயரத்தையும் பிள்ளையின் இப்போதைய அளவையும் வைத்து, அவன் பெரியவனாகும்போது எவ்வளவு வளர்வான், அதில் இப்போது எத்தனை சதவீதம் வந்திருக்கிறான் என்று கணக்கிடுகிறார்கள். 2015 முதல் இங்கிலாந்தின் பிரீமியர் லீக் அகாடமிகள் வயதை விட்டுவிட்டு இந்தச் சதவீதப்படி பிரித்தும் ஆட்டம் வைத்துப் பார்க்கின்றன. சின்ன உடம்புப் பையனுக்குப் பந்தைக் காட்ட இடம் கிடைக்கிறது. சீக்கிரம் வளர்ந்துவிட்ட பையனுக்கு இதில் லாபம் இன்னும் அதிகம் என்று நினைக்கிறேன். இடித்துத் தள்ளிப் பழகியவன், தன் அளவு ஆட்கள் எதிரே நிற்கும்போதுதான் முதல் தடவையாக யோசித்து ஆடுகிறான்.

இதை நான் ஏட்டில் மட்டும் படிக்கவில்லை. குன்னூரில் என்னோடு படித்த நண்பன் பதிமூன்று வயதிலேயே மீசை அரும்பி நெடுநெடுவென்று இருந்தான். ஓடினால் ஒருத்தரும் பிடிக்க முடியாது. எல்லா அணியிலும் அவன் பெயர்தான் முதலில் எழுதப்படும். பதினேழில் நாங்கள் எல்லோரும் அவன் உயரத்துக்கு வந்துவிட்டோம். அவனுக்கு இடது காலால் பாஸ் கொடுக்கத் தெரியாது என்பது அன்றுதான் தெரிந்தது, அவனுக்கும் சேர்த்து. நான்கு வருடம் அவனை ஆட வைத்துக் கோப்பை வாங்கிக்கொண்டவர்கள் ஒருவர்கூட அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. இன்றும் அதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது.

சரி, இப்போது என்ன செய்வது? என்னைக் கேட்டால், பத்தாம் வகுப்பு முடியும்வரை உங்களோடேயே இருக்கட்டும். ஸ்பெயின் வீரர் இனியெஸ்டா 12 வயதில் ஊரைவிட்டு பார்சிலோனாவின் விடுதிக்குப் போனார். ஆரம்ப நாட்களில் அழுதுகொண்டே இருந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். அவர் தாங்கினார் என்பதால் எல்லாப் பிள்ளையும் தாங்க வேண்டும் என்று இல்லை. அதற்குள் வேறு செலக்‌ஷன்கள் வரும், போய்வாருங்கள். போகும் இடத்தில் நீங்களும் கேள்வி கேளுங்கள். எத்தனை நாள் பார்த்து முடிவு செய்வீர்கள்? கோச்சுக்கு என்ன லைசென்ஸ்? பள்ளிப் படிப்பு எப்படி? யூத் லீக்கில் வருடத்துக்கு எத்தனை ஆட்டம் கிடைக்கும்? வேண்டாம் என்று அனுப்பும்போது காரணத்தை எழுதித் தருவீர்களா? இருபது நிமிடத்தில் முடிவு சொல்லும் இடம் பிள்ளைகளை வடிகட்டத்தான் லாயக்கு. நம் சிவகங்கை மாவட்டம் கண்டனூரைச் சேர்ந்த சிவசக்தி நாராயணன் பெங்களூரு கிளப்பின் இரண்டாம் அணியில் ஆடி மேலே வந்தவர். 2022 டூரண்ட் கோப்பை இறுதியாட்டத்தில் கோல் அடித்தார். இங்கேயே வழி இருக்கிறது.

முழங்கால் விஷயத்தைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. ஓடி ஆடும் பிள்ளைகளுக்கு இந்த வயதில் முட்டிக்குக் கீழே எலும்பு துருத்திக்கொண்டு வலிப்பது சாதாரணமாக வருவது. எலும்பு வேகமாக நீளும்போது தசைநார் அந்த இடத்தை இழுப்பதால் வரும் வலி அது. அதுதானா என்று எலும்பு டாக்டரிடம் ஒரு முறை காட்டிவிடுங்கள். அதுவரை எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்க்க வேண்டாம், வலிக்கிற நாளில் ஆட வேண்டாம். டாக்டரும் அதையே சொன்னால், அவன் வேகமாக வளரும் பருவத்தில் இருக்கிறான் என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். அகாடமிகளில் சில மாதத்துக்கு ஒரு முறை உயரம் அளந்து குறித்துவைத்து, வேகமாக வளரும் மாதங்களில் பயிற்சியைக் குறைப்பார்கள். இதற்கு ஆறு லட்சம் வேண்டியதில்லை. வரும் ஒன்றாம் தேதி காலையில் அவனைக் கதவு நிலையில் வெறுங்காலோடு நிற்கவைத்து, பென்சிலால் ஒரு கோடு போட்டுப் பக்கத்தில் தேதி எழுதுங்கள்.