அட்டையின் பின்பக்கம் தமிழில் எழுதுங்க

பெரம்பூரிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க. நர்சிங் முடிச்சாச்சு, ஜெர்மன் மொழித் தேர்வுல ஏ2 நிலை பாஸ், அடுத்த நிலைகளான பி1, பி2 முடிச்சு ஜெர்மனிக்குக் கிளம்பணும். "குளிருக்கு என்ன துணி வாங்கணும், இட்லி அரிசி கிடைக்குமா, வாடகை எவ்வளவு? அதோட, எவ்வளவு படிச்சாலும் சொல் எதுவும் மனசுல நிக்க மாட்டேங்குது, என்ன பண்றது?"

அரிசி கிடைக்கும். குளிர்த் துணியை தி.நகர்ல வாங்காதீங்க, இங்கே ஜெர்மனிக்கு வந்து வாங்குங்க. வாடகை ஊருக்கு ஊர் வேற. கடைசிக் கேள்விதான் கேள்வி.

மனசுல நிக்காததுக்கு முக்கால்வாசிக் காரணம் அந்த இங்கிலீஷ் பட்டியல். ஒரு பக்கம் ஜெர்மன், எதிர்ப்பக்கம் இங்கிலீஷ், ராத்திரி முழுக்கக் கடம் அடி. அதுல 'ரிமெம்பர்'னு ஒரே சொல்லுக்கு நேரா நாலஞ்சு ஜெர்மன் வினை கிடக்கும். எதை எங்கே போடுறதுன்னு எப்படித் தெரியும்? தமிழ்ல யோசிச்சா அது தானாப் பிரியும், பாருங்க. 'மெர்க் டிர் டீ நும்மர்' — நம்பரை ஞாபகம் வச்சுக்கோ. 'டென்க் ஆன் டேன் ஷ்லுஸ்ஸல்' — சாவியை மறந்துடாதே. 'எஸ் ஃபெல்ட் மீர் நிஷ்ட் ஐன்' — எனக்கு ஞாபகம் வரலை. 'இஷ் எரின்னரெ மிஷ் ஆன் டீ ஷூலெ' — எனக்கு ஸ்கூல் ஞாபகம் இருக்கு. நாலும் நமக்கு வேற வேற பேச்சு. இங்கிலீஷ் வழியா வர்றவங்களுக்குத்தான் ஒண்ணாத் தெரியும்.

இன்னும் கிட்டப் போய்ப் பார்த்தா, 'மெர்க்கன்' தனியா வந்தா கவனிக்கிறது. கூட 'மீர், டிர், ஸிஷ்' (எனக்கு, உனக்கு, தனக்கு) ஒட்டினா ஞாபகம் வச்சுக்கிறது. 'வச்சுக்கோ'ல இருக்கிற நம்ம 'கொள்' பண்ற வேலையை அந்தக் குட்டிச் சொல் பண்ணுது. வார்டுல சீனியர் 'ஹாபன் ஸீ எட்வஸ் கெமெர்க்ட்?'னு கேட்டா, நோயாளிகிட்ட ஏதாவது கவனிச்சீங்களான்னு அர்த்தம். 'ஹாபன் ஸீ ஸிஷ் டஸ் கெமெர்க்ட்?'னு கேட்டா, சொன்னது ஞாபகம் இருக்கான்னு அர்த்தம். ரெண்டுக்கும் 'யா, யா'ன்னு தலையாட்டினா மாட்டிக்குவீங்க. 'எஸ் ஃபெல்ட் மீர் ஐன்' கூட அப்படித்தான். 'எனக்கு' வருதுன்னு நாம சொல்றதை அவங்களும் 'மீர்'னு சொல்றாங்க. குளிருதுன்னு சொல்லவும் 'மீர் இஸ்ட் கால்ட்', எனக்குக் குளிருது. இங்கிலீஷை மனசுல வச்சுக்கிட்டு 'இஷ் பின் கால்ட்'னு சொன்னா, நான் இரக்கமில்லாத ஆள்ங்கிற மாதிரி கேட்கும்.

கவனத்துக்கு வருவோம். 'ஹோரன்' கேட்கிறது, 'ட்ஸூஹோரன்' கவனிச்சுக் கேட்கிறது, 'அவுஃப்ஹோரன்' நிறுத்துறது. சிக்கல் என்னன்னா, அந்த முன்னொட்டு கழண்டு வாக்கியக் கடைசிக்குப் போயிடும். 'ஹோரன் ஸீ பிட்டெ ட்ஸூ' — கவனிங்க. 'ஹோரன் ஸீ பிட்டெ அவுஃப்' — நிறுத்துங்க. முதல் மூணு சொல் ஒண்ணேதான். கடைசிச் சொல் வரைக்கும் காதை விடக்கூடாது. வினை கடைசியில வர்றது நமக்குப் பழக்கம்தானே, அதனால பயம் வேண்டாம்.

எண் அப்படியில்ல. இருபத்தஞ்சை அவங்க 'ஃபூன்ஃப்-உண்ட்-ட்ஸ்வான்ஸிஷ்', அஞ்சும் இருபதும்னு சொல்வாங்க. கேட்கக் கேட்க எழுதினா 25 கிலோ 52 ஆயிடும். ஷிப்ட் மாறும்போது நடக்கிற 'ஊபர்காபெ'யில எடை, பிரஷர், மருந்து அளவு எல்லாம் இப்படித்தான் வேகமா ஓடும். எண் முழுசா முடிஞ்ச பிறகு பேனாவை எடுங்க, எழுதினதைத் திருப்பிப் படிச்சுக் காட்டுங்க. யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க.

படிப்பு விஷயத்துல நம்ம ஆளுங்க திரும்பத் திரும்ப விழுற குழி மூணு. 'ஷ்டுடீரன்' யூனிவர்சிட்டில படிக்கிறவங்களுக்கு மட்டும். பரீட்சைக்குப் படிக்கிறது 'லெர்னன்'. 'நோட்டெ'ன்னா மார்க், அதுவும் 1 தான் உச்சம். நோட்ஸ் எடுக்கிறதுக்கு 'நோட்டிட்ஸன்'. ரிவிஷன் 'வீடர்ஹோலுங்'. 'ரெவிஸியோன்'னு சொன்னா தணிக்கை, இல்லேன்னா கோர்ட்டுல மேல்முறையீடு.

இனி சொல் எழுதி மனப்பாடம் பண்ற அட்டை. ஏ1-க்கு, ஜெர்மன் தேர்வு நடத்துற கோத்தே நிறுவனத்தோட சொற்பட்டியல்ல சுமார் 650 சொல், ஏ2-க்கு 1300, பி1-க்கு 2400. உங்களுக்கு மிச்சம் 1100. ஒரு நாளைக்கு 15 போட்டா 74 நாள்ல முடியும். '30 நாளில் பி1' விளம்பரத்தை இந்தக் கணக்கோட வச்சுப் பாருங்க. ஏ7 அளவு அட்டையில முன்பக்கம் பெயர்ச்சொல்லை, அதோட பால் காட்டுற டேர், டீ, டஸ் எதுன்னு சேர்த்து, பன்மையோட, ஒரு முழு வாக்கியத்துல எழுதுங்க. பின்பக்கம் வீட்டுல அம்மாகிட்ட எப்படிச் சொல்வீங்களோ அந்தத் தமிழ். அஞ்சு அறை உள்ள பெட்டி. முதல் அறையைத் தினமும் பாருங்க, சரியாச் சொன்ன அட்டை அடுத்த அறைக்குப் போகும், தப்புன்னா அஞ்சாவது அறையில இருந்தாலும் முதல் அறைக்கே திரும்பணும். அறை தள்ளத் தள்ள இடைவெளியைக் கூட்டுங்க. 1972-ல பத்திரிகையாளர் ஸெபாஸ்டியான் லைட்னர் புத்தகமா எழுதின முறை இது. படிச்ச முதல் நாளுக்குள்ளதான் மறதி வேகமா நடக்குதுன்னு ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹவுஸ் 1885-லேயே தன்னையே சோதிச்சு எழுதிட்டாரு, அதனாலதான் முதல் அறை தினமும். ஒரே நாள்ல 50 அட்டை போடுறவங்க பெட்டி ஒரு வாரத்துல முதல் அறையிலேயே அடைச்சுக்கும், அப்புறம் பெட்டியைத் திறக்கவே பிடிக்காது.

"இங்கிலீஷே போதும்"னு பத்து வருஷமா இங்கே இருக்கிற ஐடிக்காரங்க சொல்வாங்க. அவங்க ஆபீசுக்குப் போதும். எண்பது வயசுப் பாட்டிக்கு ஊசி போடுறவங்களுக்குப் போதாது. இந்த மாதிரி ஆளுங்க வீட்டுக்குத்தான் 'ட்ஸாலுங்ஸ்எரின்னெருங்'னு கடிதம் வந்தா, 'எரின்னெருங்'னா நினைவுதானேன்னு மேஜையில போட்டுவைப்பாங்க. அது பணம் கட்டச் சொல்ற முதல் நினைவூட்டல். அடுத்து வர்றது 'மானுங்', அதுல பெரும்பாலும் கூடுதல் கட்டணமும் சேரும். 'மெர்க்பிளாட்'னு தலைப்புப் போட்ட தாளையும் தூக்கிப் போடாதீங்க, ஆபீசுக்கு எதை எடுத்துட்டு வரணும்னு அதுலதான் இருக்கும்.

மனப்பாடத்துக்கு இவங்க சொல் 'அவுஸ்வெண்டிஷ்'. 'அவுஸ்'னா வெளியே. நாம மனசுக்குள்ளன்னு சொல்றதை இவங்க வெளிப்பக்கம்னு சொல்றாங்க, வேடிக்கைதான். ஆனா நம்ம ஸ்கூல்ல பதினாறாம் வாய்ப்பாட்டை ராகம் போட்டு ஒப்பிச்ச பழக்கத்தை விட்டுடாதீங்க. அட்டையை வாய்விட்டுப் படிங்க, பஸ்ல உதடாவது அசையணும். பி1 கேட்கிற பகுதி நாலு பிரிவு, அதுல ரெண்டை ஒரே ஒரு தடவைதான் ஓட்டுவாங்க. கண்ணால மட்டும் படிச்ச சொல்லை அந்த வேகத்துல காது பிடிக்காது.