மெஷினில் விரல் நசுங்கிவிட்டது, முதலாளி வெளியே சொல்லாதே என்கிறார். தென்னாப்பிரிக்காவில் புகார் செய்தால் வேலையும் விசாவும் போய்விடுமா?

உங்களை வரவழைத்தவரும் அதே முதலாளிதான் என்று நினைக்கிறேன். அதனால்தான் கேள்வியிலேயே பயம் தெரிகிறது. பயப்படாமல் இன்றைக்கே தொழிலாளர் துறையில் எழுதிக் கொடுங்கள்.

நான் சிவகாசியில் 11 வருஷம் ஆஃப்செட் ஓட்டிவிட்டு 2016ல் டர்பன் பக்கம் ஓர் அச்சகத்துக்கு வந்தவன். மறு வருஷம் ஒரு நைட் ஷிஃப்டில், இங்க்கைத் தாளுக்கு மாற்றும் ரப்பர் உறையான பிளாங்கெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கார்டை, அதாவது பாதுகாப்பு மூடியைத் திறந்தால் மெஷின் ஓடக் கூடாது. ஆனால் அதன் சுவிட்சை யாரோ எப்போதோ கம்பியால் கட்டியிருந்தார்கள். வேலை சீக்கிரம் முடிகிறதே என்று எல்லோரும் அப்படியே ஓட்டினோம், நானும்தான். நான் கையை எடுத்துவிட்டேன் என்று நினைத்து ஹெல்பர் பையன் மெஷினைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தும் இன்ச் பட்டனை அழுத்தினான். முதலில் வேஸ்ட் துணிதான் உள்ளே போனது. அது என் விரலில் சுற்றியிருந்தது. நீல பிளாங்கெட்டில் நீளமாக ஒரு சிவப்புக் கோடு. மெஜந்தா இங்க் என்றே நினைத்தேன். நடுவிரலின் நுனிக் கணு போய்விட்டது.

சூப்பர்வைசர் காரில் ஏற்றினார். "கார் கதவில் நசுங்கியது என்று சொல், செலவைக் கம்பெனி பார்த்துக்கொள்ளும்" என்று வழியெல்லாம் சொன்னார். நானும் தலையாட்டினேன். ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட நர்ஸ், டர்பனில் இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் சாட்ஸ்வர்த்காரர். தமிழ்ப் பெயர், ஆனால் அண்ணா, தண்ணி என்று நாலு வார்த்தைதான் தமிழ் வரும். என் நகக்கண்ணைப் பஞ்சால் துடைத்துக்கொண்டே, "அண்ணா, கார் கதவில் இங்க் இருக்குமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். உண்மையைச் சொல்லிவிட்டேன். டாக்டர் முதல் அறிக்கையிலேயே ஐ.ஓ.டி., அதாவது வேலையில் பட்ட காயம் என்று எழுதினார். அந்தத் தாள்தான் கடைசிவரை எனக்குக் கை கொடுத்தது.

1993ஆம் வருஷத்து இழப்பீட்டுச் சட்டப்படி, விபத்து தெரிந்த 7 நாளுக்குள் முதலாளி அரசின் இழப்பீட்டு நிதிக்குப் படிவம் அனுப்ப வேண்டும். என் கம்பெனி அனுப்பவில்லை. மூன்று வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, தொழிலாளர் துறை அலுவலகத்தில் தொழிலாளிக்கான டபிள்யூ.சி.எல். 3 படிவத்தை நானே கொடுத்தேன். 12 மாதத்துக்குள் கொடுத்தாக வேண்டும் என்பது அப்போதைய விதி. நான் கவனக்குறைவாக இருந்தேன் என்று கம்பெனி சொன்னது எடுபடவில்லை. யார் தப்பு என்று பார்த்துத் தருகிற பணமில்லை அது. வேலைக்குப் போக முடியாத காலத்துக்குச் சம்பளத்தில் 75 சதவீதம் உண்டு. முதல் 3 மாதம் முதலாளி கொடுத்துவிட்டு, இழப்பீட்டு நிதியிலிருந்து திரும்ப வாங்கிக்கொள்வார். நிரந்தர ஊனம் 30 சதவீதம் வரை என்றால் மொத்தத் தொகை, அதற்கு மேல் என்றால் மாதப் பென்ஷன். எனக்கு மொத்தத் தொகை வர ஒன்றரை வருஷம் ஆனது. முதலாளி மேல் தனியாக நஷ்டஈட்டு வழக்குப் போட முடியாது, அதையும் தெரிந்துகொள்ளுங்கள். வெளிநாட்டுக்காரர் என்பதற்காகச் சட்டம் உங்களை ஒதுக்காது. என் விசா போகவில்லை. எல்லோருக்கும் அப்படித்தான் என்று சத்தியம் செய்ய நான் வக்கீல் இல்லை.

சோறு போட்டவரைக் காட்டிக்கொடுக்கிறான் என்று இதற்கும் சிலர் வருவீர்கள். அப்போதே நம் ஊர்க்காரர்கள் என்னிடம் அப்படித்தான் பேசினார்கள். தீபாவளிக்கு லீவு கேட்கக்கூட வாய் திறக்காதவர்கள் அவர்கள். மொரீஷியஸில் தைப்பூசத்துக்கே அரசு விடுமுறை. 1860லேயே சென்னையிலிருந்து நம்மவர்களை ஏற்றிய கப்பல் வந்த இந்த நாட்டில் தீபாவளிக்கும் இல்லை. கேட்டால்தானே கிடைக்கும்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உறுப்பில் ஒரு பகுதி போனாலே தொழிலாளர் துறை இன்ஸ்பெக்டருக்கும் முதலாளி தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். என் படிவம் போன பிறகுதான் இன்ஸ்பெக்டர் வந்தார். அதற்குள் கம்பியை அவிழ்த்திருந்தார்கள். நான் சொன்னதற்குச் சாட்சி இல்லை. பழி ஹெல்பர் பையன் மேல் விழுந்தது, அவனுக்கு வார்னிங் கடிதம் கொடுத்தார்கள். 19 வயசு அவனுக்கு. என்னைப் பார்க்க வந்தபோது கட்டுப் போட்ட கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். அன்றைக்கே ஒரு போட்டோ எடுத்திருந்தால் அவனைக் காப்பாற்றியிருப்பேன். உங்கள் மெஷினின் கார்டும் சுவிட்சும் இப்போது எப்படி இருக்கிறதோ அப்படியே, இந்த ஷிஃப்ட் முடிவதற்குள் யாரையாவது போட்டோ எடுக்கச் சொல்லுங்கள்.