கண்புரை ஆபரேஷனில் மல்டிஃபோகல் லென்ஸ் வைத்த பிறகும் பார்வை தெளிவாக இல்லை, டாக்டரோ 6/6, குறையே இல்லை என்கிறார். பழகிக்கொள்வதுதான் வழியா?

பழகிக்கொள்வது கடைசி வழி. அதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை சில உண்டு. அவற்றைப் பார்த்துவிட்டுத்தான் உங்களிடம் அப்படிச் சொன்னார்களா, பார்க்காமலே சொன்னார்களா? நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் பார்க்காமலே சொன்னது போலத்தான் படுகிறது. இரண்டு கண்ணிலும் ஆபரேஷன் முடிந்து சில மாதங்கள் ஆகியிருக்கும். சார்ட்டில் கடைசி வரிவரை படித்திருப்பீர்கள். பொழுது சாய்ந்ததும் எதிரே வருகிறவர் யாரென்று தெரியாமல் நின்றிருப்பீர்கள். வீட்டிலும் "ரிப்போர்ட் நல்லாத்தானே இருக்கு" என்றிருப்பார்கள். இதெல்லாம் உங்கள் மனப்பிரமை இல்லை. இதை உரக்கச் சொல்ல ஒருவராவது வேண்டும் என்பதால்தான் பதில் எழுதுகிறேன்.

நான் டாக்டர் இல்லை. வாழ்நாளெல்லாம் புரூஃப் பார்த்தவன். ஒற்று விழுந்திருக்கிறதா, 'ண' வரவேண்டிய இடத்தில் 'ன' வந்திருக்கிறதா என்று பார்த்துப் பார்த்தே பிழைத்த கண் இது. கண்புரை முற்றியபோது, தூரம் கிட்டம் இரண்டுக்கும் கண்ணாடி வேண்டியிருக்காது என்று சொல்லி மல்டிஃபோகல் வைத்தார்கள். வெளியே வந்தால் நிறமெல்லாம் புதிதாகத் தெரிந்தது, அதை மறுக்க மாட்டேன். ஆனால் ஒரு பக்கத்தைக் கையில் எடுத்தால் கறுப்பு மை சாம்பலாகத் தெரிந்தது. மெய்யெழுத்தின் தலையில் இருக்கும் புள்ளி சில சமயம் இருந்தது, சில சமயம் இல்லை. விளக்கு ஒவ்வொன்றையும் சுற்றி இரவில் வளையம் வளையமாக ஒளி. போய்ச் சொன்னேன். சார்ட்டைக் காட்டி, "6/6 படிக்கிறீங்களே, இதுக்கு மேல என்ன வேணும்?" என்றார்கள்.

அந்தச் சார்ட்டில் இருப்பது பளீரென்ற வெள்ளையில் அட்டைக் கறுப்பு எழுத்து. அதைப் படிப்பது வேறு, மங்கிய வெளிச்சத்தில் வெளிர் எழுத்தைப் படிப்பது வேறு. இந்த லென்ஸ்களில் பலவற்றின் பரப்பில் நுண்ணிய வட்டப் படிகள் இருக்கும். அவை உள்ளே வரும் வெளிச்சத்தைத் தூரத்துக்கு ஒரு பங்கு, கிட்டத்துக்கு ஒரு பங்கு என்று பிரித்து அனுப்புகின்றன. பங்கைச் சமமாகப் பிரிக்கும் இரு குவிய லென்ஸில் தூரத்துக்குச் சுமார் 41 சதவீதம், கிட்டத்துக்குச் சுமார் 41 சதவீதம் போகும். மீதி 18 எதற்கும் உதவாமல் சிதறிவிடும். நீங்கள் எதைப் பார்த்தாலும் அடுத்த பங்கு மங்கலான நிழலாக அதன்மேல் படியும். கான்ட்ராஸ்ட், அதாவது எழுத்துக்கும் தாளுக்கும் உள்ள கறுப்பு வெளுப்பு வித்தியாசம், குறைவதும் வளையம் தெரிவதும் இதனால்தான். கான்ட்ராஸ்ட்டை அளக்கத் தனியாகப் பெல்லி-ராப்சன் சார்ட் என்று ஒன்று உண்டு. எழுத்தெல்லாம் ஒரே அளவு, கறுப்பு மட்டும் படிப்படியாக வெளிறிக்கொண்டே போகும். கேட்டால் பார்ப்பார்கள். நான் கேட்ட பிறகுதான் எடுத்தார்கள்.

வேறொரு டாக்டரிடம் போனதும்தான் விஷயம் புரிந்தது. தானாகப் பவர் காட்டும் மெஷின் இந்த லென்ஸ் வைத்த கண்ணில் ஏமாந்துபோகும் என்று சொல்லி, அதை ஒதுக்கிவிட்டுக் கண்ணாடிச் சட்டத்தில் ஒவ்வொரு வில்லையாகப் போட்டுக் கையால் பவர் பார்த்தார். சின்னதாகச் சிலிண்டர் பவர், அதாவது கருவிழி எல்லாப் பக்கமும் ஒரே வளைவாக இல்லாததால் வரும் பவர், மிச்சம் இருந்தது. ஒரே தூரத்துக்கு மட்டும் குவிக்கும் சாதாரண மோனோஃபோகல் லென்ஸ் வைத்தவர் கண்டுகொள்ளாமல் விடக்கூடிய அளவுதான். மல்டிஃபோகல் வைத்தவருக்கு அதுவே உறுத்தும். கண்ணில் வறட்சியும் இருந்தது. ஆபரேஷனே வறட்சியைக் கூட்டும். கண்ணீர்ப் படலம் கலைந்தால் பவர் அளவும் சரியாக வராது. அதனால் முதலில் சொட்டு மருந்து, அது சரியான பிறகு மறுபடி பவர் பார்த்து, வாசிக்கும்போது மட்டும் போட்டுக்கொள்ள ஒரு மெல்லிய கண்ணாடி. கண்ணாடி வேண்டாம் என்றுதானே இந்த லென்ஸ் என்று மனசு முரண்டு பிடித்தது உண்மை. போட்டுக்கொண்டு பக்கத்தைப் பார்த்தபோது புள்ளியெல்லாம் அதனதன் எழுத்தின் தலையில் இருந்தது. அதற்கப்புறம் அந்த முரண்டு எங்கே போனதென்று தெரியவில்லை.

யாக் லேசர் விஷயத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள். எனக்கும் முதலில் அதைத்தான் சொன்னார்கள். லென்ஸுக்குப் பின்னால் உள்ள உறை மங்கினால் அந்த லேசர் நல்ல வைத்தியம், சந்தேகமில்லை. ஆனால் உறை தெளிவாக இருந்த முதல் வாரத்திலிருந்தே இதே குறை இருந்ததென்றால், காரணம் உறை இல்லை. லேசரால் உறையைத் திறந்த பிறகு லென்ஸை மாற்ற நினைத்தால் அந்த ஆபரேஷன் சிக்கலாகிவிடும், கண்ணுக்குள் பின்பக்கம் இருக்கும் கூழ் முன்னால் வந்துவிடலாம். லென்ஸை மாற்றும் யோசனை கொஞ்சமாவது இருந்தால், அதைப் பேசி முடித்த பிறகு லேசருக்குச் சம்மதியுங்கள். மாற்றுவதென்றால் உறை லென்ஸோடு இறுகிப் பிடிப்பதற்கு முன், ஆரம்ப மாதங்களில் செய்வது சுலபம். விழித்திரையை அடுக்கடுக்காகப் படமெடுத்துக் காட்டும் ஓசிடி ஸ்கேனில் பார்த்தார்களா என்றும் கேளுங்கள். மையத்தில் மெல்லிய சவ்வு படர்ந்திருந்தால் எந்த லென்ஸ் வைத்தாலும் தெளிவு வராது.

இந்த லென்ஸையே குறை சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். இதை வைத்துக்கொண்டவர்களில் பெரும்பாலோர் திருப்தியாகவே இருக்கிறார்கள். என்னை யாராவது கேட்டால், இரவில் வண்டி ஓட்டிப் பிழைக்கிறவரா, பொடி எழுத்திலேயே வேலை செய்கிறவரா என்று முதலில் விசாரித்துவிட்டுத்தான் பேசுவேன்.

கேட்டதற்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். ஆபரேஷன் பேச்சு முழுக்க என் மகனோடுதான் நடந்தது. "அப்பா இதைத் தாங்குவாரா, அப்பா என்ன வேலை பார்த்தார்?" என்று பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற என்னை விட்டுவிட்டு அவனிடம் கேட்டார்கள். கையெழுத்து மட்டும் என்னிடம் வாங்கினார்கள். அவன் நல்ல பிள்ளை, அவனுக்குத் தெரிந்ததைச் சொன்னான். புரூஃப் பார்க்கிறவனுக்குப் புள்ளி எவ்வளவு பெரிய விஷயம் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? வயதானவரைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் தயவுசெய்து அவரையே பேச விடுங்கள்.

தினசரிப் பாட்டுக்கு எனக்கு உதவியவற்றைச் சொல்கிறேன். வாசிக்கும்போது வெளிச்சம் தோளுக்குப் பின்னாலிருந்து பக்கத்தின்மேல் நன்றாக விழ வேண்டும். கிட்டப் பார்வைக்கு இந்த லென்ஸில் தூரம் குறித்தது, பெரும்பாலும் 40 செ.மீ. பக்கத்தில் இருக்கும். முகத்தை நீட்டாமல் புத்தகத்தை முன்னும் பின்னும் நகர்த்தி அந்த இடத்தைக் கண்டுபிடியுங்கள். ஒரு கண்ணை மூடி மறு கண்ணைச் சோதிக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள், இரண்டும் சேர்ந்து பார்த்தால்தான் இந்த லென்ஸின் முழுப் பலனும் கிடைக்கும். மூளை இந்தப் பார்வைக்குப் பழக 3 முதல் 6 மாதம், சிலருக்கு ஒரு வருடம்கூட ஆகும். எனக்கு வளையம் இன்னும் இருக்கிறது, ஆனால் அதைத் தேடிப் பார்த்தால்தான் தெரிகிறது. இரவில் ரொம்பத் தொந்தரவென்றால் கண்மணியைச் சற்றுச் சுருக்கும் சொட்டு மருந்து உங்களுக்கு ஒத்துவருமா என்று டாக்டரிடம் கேளுங்கள், நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். திடீரென்று மின்னல் வெட்டுவது போலவோ, கரும்புள்ளிகள் கொத்தாகவோ, ஓரத்திலிருந்து திரை இறங்குவது போலவோ தெரிந்தால் லென்ஸ்தான் காரணம் என்று இருந்துவிடாமல் அன்றைக்கே போய்விடுங்கள். அது விழித்திரை கிழிந்ததன் அறிகுறியாக இருக்கலாம்.

லென்ஸின் பெயரும் பவரும் எழுதிய கார்டு உங்கள் கையில் இருக்கிறதா? இல்லையென்றால் ஆபரேஷன் செய்த இடத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு இன்னொரு டாக்டரைப் பாருங்கள். எனக்குக் கையால் பவர் பார்த்த அந்த டாக்டர் முதலில் கேட்டது அதைத்தான்.