மன்னிப்பு கேட்கப் போகும்போது கேமரா வேண்டாம்

கேள்வி: மூன்று வருடமாகச் சென்னையில் கச்சேரிகளைப் படம் எடுக்கிறேன். சொந்த ஊர் கும்பகோணம் பக்கம். ஒரு பத்திரிகைக்கும் இரண்டு சபாக்களுக்கும் படம் தருகிறேன். போன மார்கழியில் ஒரு மூத்த பாடகர் ஆலாபனை செய்துகொண்டிருந்தபோது மேடைக்குக் கீழே உட்கார்ந்து விடாமல் எடுத்துக்கொண்டிருந்தேன். அவர் பாட்டை நிறுத்தி, "அந்தச் சத்தத்தை முதல்ல நிறுத்தச் சொல்லுங்கோ" என்றார். அரங்கமே திரும்பிப் பார்த்தது. அன்றிலிருந்து அவர் பாடும் இடத்துக்கே நான் போவதில்லை. இன்னொரு பாடகி, மேடைக்குப் பின்னால் ஒப்பனை அறையில் நான் எடுத்த ஒரு படத்தை அழிக்கச் சொன்னார். சரி சரி என்று சொல்லிவிட்டு அழிக்காமல் வந்துவிட்டேன். படம் அருமையாக வந்திருக்கிறது. வெளியிடலாமா? என்னோடு வேலை பார்ப்பவர்கள் பாடகர்கள், நடிகர்கள் எல்லோருடனும் தோளோடு தோள் நின்று படம் வைத்திருக்கிறார்கள். என் பெயர்கூட யாருக்கும் தெரியாது. பிரபலங்களோடு எப்படித்தான் பழகுவது, ஐயா?
- பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர், சென்னை

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பிரபலங்களோடு பழகுவது எப்படி என்று கேட்டு முடித்திருக்கிறீர்கள். எனக்கு மனதில் நின்றது "அவர் பாடும் இடத்துக்கே நான் போவதில்லை" என்ற வரிதான். ஒரு வருடமாக அந்தக் கூச்சத்தைத் தூக்கிக்கொண்டு அலைகிறீர்கள். அதை முதலில் இறக்கி வைப்போம். நானும் அப்படி ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஓர் இரவு முழுக்கத் தூங்காமல் கிடந்தவன்.

1994-ல் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கோயில் திருவிழா. இரவு சுவாமி புறப்பாடு. பிலிம் காலம், ஒரு சுருளுக்கு 36 படம், அவ்வளவுதான். தெருவில் பெட்ரோமாக்ஸ் வெளிச்சம் மட்டும் இருந்ததால் பிளாஷ் மாட்டியிருந்தேன். நாதஸ்வர வித்வான் ஒரு தெருமுனையில் நின்று தோடி ராகம் வாசித்துக்கொண்டிருந்தார். கண்ணை மூடி, மேல் ஸ்தாயியில் ஓர் இடத்தைப் பிடித்து நின்றார். அந்த முகம் எனக்கு வேண்டும் என்ற ஆசையில் இரண்டு முழ தூரத்தில் போய் நின்று அழுத்திவிட்டேன். வெளிச்சம் முகத்தில் அடித்ததும் அவர் திடுக்கிட்டார். ஸ்வரம் உடைந்தது. தவில்காரர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. வித்வான் ஒன்றுமே சொல்லவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து திரும்ப எடுத்தார்.

மறுநாள் காலை அவர் தங்கியிருந்த வீட்டைத் தேடிப் போனேன். கேமராவை எடுத்துப் போக மனம் வரவில்லை. திண்ணையில் ஒரு வெள்ளைத் துண்டை விரித்து, ஏழெட்டுச் சீவாளிகளைப் பரப்பி வைத்திருந்தார். நாதஸ்வரத்தின் வாயில் பொருத்தி ஊதுகிற அந்தச் சின்னத் துண்டை நாணல் தட்டையில் செய்கிறார்கள். ஒவ்வொன்றாக எடுத்து வாயில் நனைத்து, மெதுவாக ஊதிப் பார்த்து, வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்தார். மெலிந்த இடத்தில் வெளிச்சம் தேன் நிறத்தில் தெரிந்தது. சிலதைத் தனியாக ஒதுக்கினார். நான் தட்டுத் தடுமாறி மன்னிப்பு கேட்டேன். "சாப்பிட்டாச்சா?" என்றார். உள்ளேயிருந்து இட்லி வந்தது.

நான் சாப்பிட்டு முடித்த பிறகுதான் அந்தப் பேச்சையே எடுத்தார். "தம்பி, நான் மூச்சு வாங்குறப்ப தோள் ஏறும். அதைப் பாத்துக்க. அப்ப எடு. எனக்கும் இடைஞ்சல் இல்லை, உனக்கும் முகம் கோணாம வரும்."

இந்தத் தொழிலில் எனக்குக் கிடைத்த முதல் பாடம் அதுதான். முப்பது வருடமாக அதை வைத்துத்தான் பிழைக்கிறேன். அடுத்த ஆண்டு அதே திருவிழாவுக்குப் போனபோது அவரே கூப்பிட்டுத் திண்ணையில் உட்கார வைத்து, சீவாளிகளைப் படம் எடுத்துக்கொள் என்றார். முகம் தெரியாத, கையும் நாணலும் வெயிலும் மட்டும் இருக்கிற அந்தப் படத்தைத்தான் என் படங்களிலேயே நல்ல படம் என்று இன்றும் சொல்வேன்.

அதனால், அந்தப் பெரியவரைப் போய்ப் பாருங்கள். கச்சேரி முடிந்ததும் மேடைப் பக்கம் போகாதீர்கள். அங்கே கூட்டம் இருக்கும், அவரும் களைத்திருப்பார். சீடர்களில் ஒருவரிடமோ சபா செயலாளரிடமோ சொல்லி, எப்போது வரலாம் என்று கேளுங்கள். கேமரா வேண்டாம். அவருடைய நல்ல படம் ஒன்றைப் பிரேம் போட்டு எடுத்துப் போகலாமே என்று தோன்றும். முதல் தடவை அதுவும் வேண்டாம். மன்னிப்போடு ஒரு பொருளையும் சேர்த்து நீட்டினால், வாங்கிக்கொள்கிறவருக்குச் சங்கடம். போய், "அன்றைக்குச் சத்தம் போட்டது நான்தான்" என்று சொல்லுங்கள். அவருக்கு அது ஞாபகம் இல்லாமலும் இருக்கலாம். இருந்தாலும் சொல்லுங்கள்.

அவர் ஏன் கோபப்பட்டார் என்று ஒரு நிமிடம் அவர் இடத்திலிருந்து கேட்டுப் பாருங்கள். ஆலாபனையில் தாளம் இல்லை, மிருதங்கம் இல்லை. தம்புரா, குரல், பின்னாலேயே வருகிற வயலின், அவ்வளவுதான். பாடுகிறவர் ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததுக்கு எப்படிப் போகலாம் என்று அந்த நொடியில்தான் தேடுகிறார். பழைய வகை கேமராவில் ஒவ்வொரு படத்துக்கும் உள்ளே இருக்கிற கண்ணாடி மேலே போய்க் கீழே விழுகிறது. நொடிக்கு எட்டுப் படம் என்ற வேகத்தில் விட்டால், மேடைக்குத் தையல் மெஷின் ஓடுகிற மாதிரிதான் கேட்கும்.

இப்போது கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராக்கள் வந்துவிட்டன. எலக்ட்ரானிக் ஷட்டரில் வைத்தால் சத்தமே இல்லை. ஆனால் சபாக்களில் இருக்கிற சில எல்இடி விளக்குகளில் படத்தின் குறுக்கே கறுப்புப் பட்டை விழும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்; அந்த விளக்குகள் நொடிக்கு நூறு முறை ஏறி இறங்குகின்றன. சென்சார் படத்தை வரி வரியாகப் படிப்பதால் அந்த ஏற்ற இறக்கம் பட்டையாகத் தெரிகிறது. ஷட்டர் வேகத்தை 1/100 அல்லது 1/50 நொடியில் வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். அந்த வேகத்தில் மிருதங்கக்காரர் விரல் கலங்கலாக வரும். வரட்டும், அது வாசிக்கிற விரல்தானே. அப்புறம், போகஸ் பிடிக்கும்போது முன்னால் எரிகிற சின்ன விளக்கையும் 'பீப்' சத்தத்தையும் வீட்டிலேயே அணைத்துவிட்டுக் கிளம்புங்கள். உங்களிடம் பழைய கேமராதான் இருக்கிறது என்றால் கவலை வேண்டாம், தாளவாத்தியக்காரர்கள் மட்டும் வாசிக்கிற தனி ஆவர்த்தனம் வரைக்கும் காத்திருங்கள். மிருதங்கமும் கடமும் சேர்ந்து, முடிப்பாக வாசிக்கிற கோர்வைக்கு வரும்போது நீங்கள் எத்தனை படம் எடுத்தாலும் யார் காதிலும் விழாது.

மேல்நாட்டு ராக் கச்சேரிகளில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. முதல் மூன்று பாட்டுக்கு மட்டும் மேடைக்கு முன்னால் நின்று எடுக்கலாம், பிளாஷ் கூடாது, அப்புறம் வெளியே போய்விட வேண்டும். நமக்கு அப்படிப் பொதுவான கட்டுப்பாடு இல்லை. இருக்கவும் வேண்டாம் என்பேன். நம் கச்சேரியில் முதல் மூன்று உருப்படி முடிகிறபோதுதான் குரலே இடத்துக்கு வருகிறது. அந்த நொடியில் புனைந்து பாடுகிற கற்பனை ஸ்வரத்தில் வயலின்காரர் ஒரு அழகான பதில் கொடுத்ததும், பாடுகிறவர் திரும்பி அவரைப் பார்த்துச் சிரிப்பாரே, அந்த முகம் கச்சேரித் தொடக்கத்தில் பாடுகிற வர்ணத்தில் கிடைக்காது. கடைசி வரை உட்கார நம்மை விடுகிறார்கள். அதற்குத் தகுந்தபடி நாம்தான் நடந்துகொள்ள வேண்டும்.

யூசுப் கார்ஷ் பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1941-ல் ஒட்டாவாவில் சர்ச்சில் வாயிலிருந்த சுருட்டைப் பிடுங்கி, அவர் முறைத்த நொடியைப் படம் எடுத்தவர். பிரபலங்களிடம் துணிச்சலாக இருக்க வேண்டும் என்பதற்கு எல்லோரும் அதைத்தான் உதாரணம் காட்டுகிறார்கள். சுருட்டில் கை வைக்கும் முன் அவர் மன்னிப்பு கேட்டுக்கொண்டதை யாரும் சொல்வதில்லை. எனக்கு அவருடைய இன்னொரு படம்தான் பெரிது. 1954-ல் பிரான்சில் பிராத் என்ற ஊருக்கு அருகே, ஒரு பழைய மடாலயத்தில் செல்லோ மேதை பாப்லோ கசால்ஸைப் படம் எடுக்கப் போனார். சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சியை ஏற்காமல் ஸ்பெயினை விட்டு வந்து அங்கே தங்கியிருந்தவர் கசால்ஸ். அவர் ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் (Bach) இசையை வாசிக்க ஆரம்பித்ததும் கார்ஷ் கேட்டுக்கொண்டே நின்றுவிட்டார். கொஞ்ச நேரம் படம் எடுக்கவே தோன்றவில்லை. கடைசியில் எடுத்தது கசால்ஸின் முதுகை. வெறும் கல் அறை, உயரத்தில் ஒரு சின்ன ஜன்னல், திரும்பி உட்கார்ந்து வாசிக்கிற ஒரு வயதான மனிதர். அதற்கு முன் யாரையும் முதுகுப் பக்கமாக எடுத்ததில்லை என்று கார்ஷே எழுதியிருக்கிறார். பின்னால் பாஸ்டன் அருங்காட்சியகத்தில் அந்தப் படத்தை வைத்தபோது, ஒரு முதியவர் தினமும் வந்து அதன் முன்னால் நின்றாராம். ஏன் என்று கேட்டதற்கு, பேசாதே, நான் இசை கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்றாராம்.

கேட்கிறவன் எடுத்த படத்தில் பாட்டும் கூடவே வந்துவிடுகிறது, தம்பி. அதனால்தான் சொல்கிறேன், வாரத்தில் ஒரு கச்சேரிக்காவது கேமரா இல்லாமல் போங்கள். ராகம் தெரிய வேண்டும் என்று இல்லை. எங்கே மூச்சு வாங்குகிறார், எந்த இடத்தில் கை மேலே போகிறது, தாளம் தொடங்குகிற இடமான சமத்துக்கு வரும்போது யாரைப் பார்க்கிறார் என்று கவனித்தால் போதும். கும்பகோணம் பக்கத்துப் பிள்ளைக்கு இதை நான் சொல்லித் தர வேண்டியதில்லை. கோயில் வாசலில் நாதஸ்வரம் கேட்டு வளர்ந்த காது உங்களுக்கு இருக்கும்.

பக்கவாத்தியக்காரர்களை மறந்துவிடாதீர்கள். கச்சேரிக்கு முன்னால் மிருதங்கக்காரர் ரவையைப் பிசைந்து, மிருதங்கத்தின் இடப்பக்கத் தோலான தொப்பியில் அப்புவதையும், கஞ்சிராக்காரர் தோலில் தண்ணீர் தடவித் தட்டிப் பார்ப்பதையும் எத்தனை பத்திரிகையில் பார்த்திருக்கிறீர்கள்? அவர்களுக்கு ஒரு நல்ல படம் அனுப்பிவையுங்கள். மறுநாளே கூப்பிட்டு நன்றி சொல்வார்கள். உங்கள் பெயர் அப்படித்தான் பரவும்.

சினிமாக்காரர்கள் விஷயம் இன்னும் சுருக்கம். ஒரு நடிகர் கச்சேரி கேட்க வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தால், அத்தனை கேமராவும் மேடைக்கு முதுகைக் காட்டித் திரும்பிவிடுகிறது. மேலே உட்கார்ந்து பாடுகிறவருக்கு அதைப் பார்க்க எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். பத்திரிகைக்குத் தேவை என்றால் இரண்டு படம் எடுங்கள். எடுத்ததும் மேடைப் பக்கம் திரும்பிவிடுங்கள். அந்த நடிகரும் பாட்டுக் கேட்கத்தான் வந்திருக்கிறார்.

தோளோடு தோள் நின்று எடுத்த படங்களைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். ஆசை இருப்பதில் தப்பு இல்லை. வேலை முடிந்து, அவரும் கிளம்பும் முன் சும்மா நிற்கிறார் என்றால் கேளுங்கள். ஆனால் வேலை நேரத்தில் கேட்காதீர்கள். கேட்ட அந்த நொடியிலிருந்து அவருக்கு நீங்கள் ரசிகர். ரசிகர் முன்னால் எல்லோரும் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்கள், முகத்தைச் சரிசெய்துகொள்வார்கள். நமக்கு வேண்டியது சரிசெய்யாத முகம் அல்லவா?

இனி அந்தப் பாடகியின் படம். இதில் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை: அழித்துவிடுங்கள். மேடையில் எடுப்பது வேறு, ஒப்பனை அறையில் எடுப்பது வேறு. அங்கே அவர் தலை வாரிக்கொண்டிருக்கலாம், தொண்டைக்கு வெந்நீர் குடித்துக்கொண்டிருக்கலாம், பயத்தில் உட்கார்ந்திருக்கலாம். உள்ளே விட்டார் என்றால் உங்களை நம்பினார் என்று அர்த்தம். "எடுத்தவன் நான், உரிமை என்னுடையது" என்று யாராவது சொல்லித் தரக்கூடும். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி எடுத்தவர்தான் முதல் உரிமையாளர் என்பது பொது விதி. ஆனால் ஒருவர் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், உரிமை அவருக்குப் போய்விடும். சபாக்களுக்கு வேலை செய்கிற நீங்கள் இதை எழுத்தில் பேசி வைத்துக்கொள்வது நல்லது. அது தனி விஷயம். இந்தப் படத்தை அழிக்கச் சொல்வதற்குக் காரணம், நீங்கள் அவரிடம் சரி என்று சொல்லிவிட்டு வந்தீர்கள்.

கார்டில் மட்டும் அழித்தால் போதாது. கணினியில், வெளி ஹார்ட் டிஸ்கில், போனில் எங்கெல்லாம் போயிருக்கிறது என்று பார்த்து அழியுங்கள். அப்புறம் அவருக்கு ஒரு வரி எழுதுங்கள்: "அன்று உடனே அழிக்கவில்லை, இன்று அழித்துவிட்டேன்." முதல் பாதியையும் சேர்த்து எழுதுங்கள்.