கிராபிக்ஸ் கார்டு: மூன்றாவது ஃபேனுக்கு 5,000 ரூபாயா?

கேள்வி: ஆர்டிஎக்ஸ் 4070 கார்டு வாங்கப் பணம் சேர்த்துவிட்டேன். இரண்டு ஃபேன் மாடலுக்கும் மூன்று ஃபேன் மாடலுக்கும் 5,000 ரூபாய் வித்தியாசம். கடைக்காரர் இரண்டும் ஒன்றுதான் என்கிறார். கம்ப்யூட்டர் இருப்பது படுக்கையறையில், ஏசி கிடையாது. சூட்டைப் பார்ப்பதா, சத்தத்தைப் பார்ப்பதா?
- வாசகர், மதுரை

பதில்: சத்தத்தைப் பாருங்கள். சூட்டைக் கார்டே பார்த்துக்கொள்ளும். இந்த கார்டின் சிப்பை உருவாக்கிய என்விடியா நிறுவனம் வைத்திருக்கும் உச்சவரம்பு 90 டிகிரி. அதைத் தொட்டால் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 68 டிகிரியில் ஓடுகிறதா, 76-லா என்பது விளையாடும்போது தெரியாது. அந்த 68-ஐப் பிடிக்க ஃபேன் போடும் இரைச்சல் நன்றாகவே தெரியும்.

கடைக்காரர் சொன்னது பாதி சரி. சிப் ஒன்றுதான், மின்சாரமும் ஏறக்குறைய 200 வாட்தான். அது முழுக்க வெப்பமாகி உங்கள் அறையில்தான் சேரும். கார்டின் கூலர், அதாவது சிப்பின் சூட்டை வெளியேற்றும் தகடுகளும் ஃபேன்களும், எதுவாக இருந்தாலும் அறையின் புழுக்கம் குறையாது. மாறுவது எது? பெரிய கூலரில் அலுமினியத் தகடுகள் கூடுதல், அதனால் ஃபேன் மெதுவாகச் சுற்றினாலே போதும். ஃபேன் வேகம் 20 சதவீதம் குறைந்தால் சத்தம் சுமார் 5 டெசிபல் இறங்கும். அந்த 5,000 ரூபாய் இதற்குத்தான். ஆனால் ஃபேன்களை எண்ணி ஏமாறாதீர்கள். மெல்லிய ஹீட்சிங்க் (அந்த அலுமினியத் தகடுகளின் அடுக்கு) மேல் மூன்று ஃபேனை ஒட்டி விற்பவர்களும் உண்டு. கார்டின் தடிமனையும் எடையையும் ஒப்பிடுங்கள்.

இன்னொன்று, ரிவ்யூக்களில் வரும் டிகிரிக் கணக்கு பெரும்பாலும் குளிரூட்டிய அறையில் எடுத்தது. மதுரை மே மாதத்துக்கு அதில் இன்னும் பத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

நானாக இருந்தால் 300 வாட் கார்டுக்குப் பெரிய கூலரைத்தான் எடுப்பேன். 200 வாட்டுக்கு, கொஞ்சம் தடிமனான இரண்டு ஃபேன் கார்டு போதும். மிச்சப் பணத்தில் முன்பக்கம் வலை வைத்த கம்ப்யூட்டர் கேபினெட் வாங்கலாம். கண்ணாடி முகப்பு அழகுதான், காற்று போகாது. அப்புறம் ஆஃப்டர்பர்னர் என்ற இலவச மென்பொருளில் பவர் லிமிட்டை (கார்டு இழுக்கும் மின்சாரத்தின் வரம்பை) 80 சதவீதத்துக்கு இறக்கிப் பாருங்கள். வேகத்தில் சில சதவீதம்தான் போகும், சூடும் சத்தமும் சேர்ந்தே குறையும். தலைக்கு மேல் சீலிங் ஃபேன் ஓடும் அறையில் மீதிச் சத்தம் காதில் விழுமா என்பதே சந்தேகம்.

கீச்சென்ற மெல்லிய ஒலி கேட்டால் அது ஃபேன் இல்லை, கார்டில் மின்சாரம் பாயும் கம்பிச்சுருள் (காயில்) அதிர்வது. அதற்கு எந்த கூலரும் மருந்தில்லை. கார்டு வந்த முதல் நாளே கேம் ஓட்டிக் கேட்டுவிடுங்கள். மாற்றித் தரும் கெடு எத்தனை நாள் என்பதைப் பணம் கட்டும் முன்பே கடையில் கேட்டு வையுங்கள்.